தள்ளி வைத்த நாடு

காரவள்ளியைத் தாண்டி பஸ் கொல்லிமலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பும் வயதான கணவனும் மனைவியும். காலடியில் உப்பு மூட்டை.

“புரட்சி பண்ணுனாங்கன்னு கியூபாவையே அமெரிக்காக்காரன் தள்ளி வெச்சுட்டானாம். யாரும் கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கப் படாதாம்.”

“அப்ப உப்புக்கு என்னங்க பண்றாங்க?”

“வேற நாட்டுக்காரங்க குடுப்பாங்க. எங்க ஊட்டை ஊரே தள்ளி வெச்சப்ப, நீ வேலியோரம் உப்பு வெச்சுட்டுப் போகலையா?”

“தள்ளி வெக்கச் சொன்னதே ஊர்ப் பெரியவரா இருந்த எங்கப்பன்தானுங்களே. அவருக்குத் தெரியாமத்தான் எடுத்தாந்தேன்.”

“கடைசியில உன்னையே எனக்குக் கட்டிக் குடுத்தாரு. பகையும் தீந்துச்சு.”

அந்தம்மாள் வளைவில் சாய்ந்த உப்பு மூட்டையை நிமிர்த்தி வைத்தாள்.

“அமெரிக்காக்காரனுக்குப் பொட்டப்புள்ள இல்லையாட்ட இருக்குதுங்க.”