வெள்ளித் தண்ணீர் குடித்தவர்

தம்போய் ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர், "எங்க வீட்டுக்காரர் நீலமா ஆயிட்டாரு, அக்கா," என்றார்.

"அலமாக், ஐயோ! எப்படி?"

"என் கால் புண்ணுக்கு வெள்ளித் தண்ணி நல்லதுன்னு யூடியூப்ல பார்த்துட்டு, ரெண்டு வெள்ளிக் கம்பிய பேட்டரியில மாட்டி, தண்ணியில முக்கி வீட்லயே செஞ்சாரு."

"நீ குடிச்சியா?"

"ஒரு சொட்டுகூடக் குடுக்கல. புண்ணு ஆஸ்பத்திரி மருந்துலயே ஆறிடுச்சு. எனக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு, ஒரு வருசமா அவரே குடிச்சுப் பார்த்திருக்காரு. அந்த வெள்ளி தோல்ல படிஞ்சுதான் நீலமாச்சாம், மூஞ்சி இனி பழைய நிறத்துக்கு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"நல்லா திட்டுனியா?"

"திட்டத்தான் போனேன். 'நல்ல வேளை, உனக்குக் குடுக்கல'ன்னாரு. அப்புறம் எப்படிக்கா திட்டறது?"