மூன்று மேசைகள்

எனக்கு யாரிடமும் முகத்தில் அடித்தாற்போல் 'முடியாது' என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் ஐயா, என் மனைவியைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வாள்.

எங்கள் சலவை ஆலையில் மேற்பார்வையாளர்கள் மூன்று பேர். துவைக்கும் பகுதிக்கு நெட்டையர், மடித்துக் கட்டும் பகுதிக்குக் கண்ணாடிக்காரர், இஸ்திரிப் பகுதிக்கு நான். வெயில் காலத்தில் ஆட்கள் அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்பார்கள். தலைசுற்றல், வாந்தி, ஏதாவது ஒன்று. மறுத்தால் புகார் போகும். விட்டால் வேலை கெடும். ஒருநாள் டீ குடிக்கும்போது மூவரும் பேசி முடிவெடுத்தோம். யாரையும் மறுக்க வேண்டாம், அடுத்த மேசைக்கு அனுப்பிவிடலாம். நடந்து களைத்து அவர்களே வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நன்றாகவே நடந்தது.

பட்டன் அக்கா என் பகுதி. எங்கே அறுந்த பட்டனைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது, தன் நூலிலேயே தைத்துவிடுவார். என் சட்டைக்கும் தைத்திருக்கிறார். அன்று மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, மூச்சு வாங்குது. கொஞ்சம் வெளியே காத்துல உக்காந்துட்டு வரேன்."

"தாராளமா போங்கக்கா. நெட்டை சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

நெட்டையர் கண்ணாடிக்காரரிடம் அனுப்பினார். அவர் என்னிடம் அனுப்பினார். அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து நின்றார். உதடு வெளுத்திருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேர் எடுத்த முடிவை நான் ஒருவன் எப்படி மீறுவது? கையைக் கட்டிப்போட்டது போலிருந்தது. "நெட்டை சார் என்ன சொன்னாரு?" என்று மட்டும் கேட்டேன். அக்கா திரும்பவும் நெட்டையர் பக்கம் நடந்தார். பாதி வழியில், துணிமூட்டைகளுக்கு நடுவே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

வெளிக்கதவு என் மேசைக்குப் பின்னால்தான், நாலு எட்டில். பூட்டு கிடையாது.

கூடிப் பேசிச் செய்ததால் முழுக் குற்றமும் ஒவ்வொருவர் மேலும் விழும் என்கிறார் வக்கீல். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றில் ஒரு பங்கு என்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன். டீ குடிக்கும்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான், அதையும் மறைக்கவில்லை.

நேற்று இந்த விசாரணை அறை வாசலில் அக்காவின் மகள் நின்றிருந்தாள். "எங்கம்மாவ யாரு வெளியே விடல?" என்று கேட்டாள். அழவில்லை, கேட்டாள் அவ்வளவுதான். நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன்.

"நான் மறுக்கவே இல்லம்மா. நெட்டை சாரை ஒரு வார்த்தை கேட்டுப் பாரு."