மூணாம் மாடிக் கண்ணாடி

இல்லக்கா, உக்கார வரல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். கையில என்னவா? மாதிரிக்குக் கொண்டாந்த ஸ்டிக்கர்தான். வெள்ளைப் புள்ளி. உங்க பால்கனிக் கண்ணாடியில ஒட்டலாமான்னு கேக்கத்தான் வந்தேன்.

அழகு கெட்டுப்போகும்தான், இல்லேங்கல. கீழ் வீட்டு டீச்சரும் அதையேதான் சொன்னாங்க. எதிர் வீட்ல கதவே திறக்கல. நீங்கதான் கடைசி.

குருவிங்களுக்காகக்கா. பழைய மர ஜன்னலைக் கழட்டிட்டு இந்தக் கட்டடம் முழுக்கப் பெரிய கண்ணாடி போட்டாங்கல்ல? போட்டதே எங்க வீட்டுக்காரர்தானே. வேலை முடிஞ்ச அன்னைக்கு எங்களை ரோட்டுக்கு இழுத்துட்டுப் போய் நிறுத்தி, பாருங்க, மேகம் கண்ணாடிக்குள்ள போவுதுன்னார். அப்படி ஒரு பெருமை. நானும் வாயைப் பொளந்துக்கிட்டுதான் நின்னேன். நமக்கே மேகமாத் தெரிஞ்சா, பறந்து வர்றதுக்கு எப்படித் தெரியும்? அது யாருக்கு அப்போ உறைச்சுது!

அப்புறம் ஒருநாள் ஸ்கூலுக்குக் கிளம்பின பாப்பா, கையைக் குவிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தா. உள்ள ஒரு குருவி, மஞ்சக் கழுத்து, இத்தனூண்டு. சூடுகூட ஆறல. ஆமாக்கா, கண்ணாடியில மோதிச் செத்துதான் போச்சு. வாட்ச்மேன்கிட்ட கேட்டா, தினமும் கிடக்கும்மா, நீங்கல்லாம் எந்திரிக்கறதுக்கு முன்னாடி பெருக்கிடுவேன்னு சாதாரணமா சொல்றாரு. பாப்பா நேரா அவ அப்பாகிட்ட போய், இது நீ போட்ட கண்ணாடியாப்பான்னு கேட்டா. அவர் அப்போ சாப்பிட்டுக்கிட்டிருந்தார். ஆமாம்மான்னார். தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்.

தெரியாமப் பண்ணினதுதானேன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். இத்தனை வருஷம் இதே தொழில் பண்ணிட்டு, தெரியலைன்னு சொல்றதுதான்டி வெக்கம்னார். தெருவுல தலை தூக்கி நடக்கறதில்ல இப்போ. மேல பாத்தா அவர் போட்ட கண்ணாடிதானே தெரியும்.

எங்க வீட்ல முதல்ல, பயந்து விலகிப் போகட்டும்னு பருந்துப் படம் ஒண்ணு ஒட்டினோம். அதுக்குப் பக்கத்துலயே ஒரு குருவி வந்து மோதுச்சு! புள்ளியா, நெருக்கமா, வெளிப்பக்கம் ஒட்டணுமாம். நடுவுல புகுந்து போயிடலாம்னு அதுக்குத் தோணவே கூடாது. ஒட்டினதுலேருந்து எங்க பக்கம் ஒண்ணும் விழல. ராத்திரியில வெளிச்சத்தைப் பாத்து வந்துடக் கூடாதுன்னு திரையை இழுத்து விட்டுடறோம். பூனையை வெளிய விடறதில்ல, அது நாள் பூரா எங்களைத் திட்டிக்கிட்டுக் கிடக்கு. உங்க பக்கம் ஏதாச்சும் மயங்கி விழுந்தா வாயில தண்ணி ஊத்திடாதீங்கக்கா. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில வச்சு மூடி, சத்தமில்லாத இடத்துல விடுங்க. தெளிஞ்சதும் வெளிய கொண்டுபோய்த் திறந்தா போதும். நேத்து டீச்சர் வீட்டுப் பக்கம் விழுந்தது ஒண்ணு அப்படித்தான் பறந்துச்சு. பாப்பா கத்தின கத்துல தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவர் மட்டும் வாசலுக்கே வரல.

அவரே வந்து கேக்கலாம்தான். உங்களுக்குக் கண்ணாடி மாட்டினப்போ, வானத்தையே வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டேன்னு உங்ககிட்டயும் பீத்திக்கிட்டாராமே. இப்போ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நிக்கறதுங்கறார்.

ஐயோ, திரையை விலக்காதீங்கக்கா! அந்தச் சத்தம் பறவையில்ல. அவர்தான். வெளிய தொங்குபலகையில உக்காந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருக்கார். நீங்க வேணாம்னா துடைச்சதோட இறங்கிடுவார், ஒண்ணும் கேக்க மாட்டார். சரின்னா, உள்ளேருந்து கண்ணாடியில ரெண்டு தட்டு தட்டுங்க, ஒட்ட ஆரம்பிச்சிடுவார். போதும். முகத்தைப் பாக்க வேணாம்.