பத்தொன்பதாவது பாட்டில்

பாட்டில் கழுவுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எந்தத் தண்ணீரைப் பிடிக்கிறோமோ, அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். என் மகள் சொல்லிக்கொடுத்தது.

நான் தாதுக்கல் அரைக்கும் ஆலையில் முப்பது வருஷம் இருந்தவன். உலோகத்தை எடுத்துக்கொண்டு மிச்சச் சேற்றைக் கரை கட்டிய குட்டையில் விடுவார்கள். அந்தச் சேற்று நஞ்சு பக்கத்துக் குடியிருப்புக் கிணற்றில் இறங்குகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சிப் படிப்பு. முடித்தால் ஆலையிலேயே சுற்றுச்சூழல் அதிகாரி வேலை. மாதம் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீர் நான் பிடித்துத் தர வேண்டும்.

"வேற ஆள் கிடைக்கலையா?" என்றேன்.

"ஊர்ல யாரையும் நம்பாத ஆளு நீங்கதான்பா. உங்களை எவனும் ஏமாத்த முடியாது," என்று சிரித்தாள்.

அவளுக்கு முன்னால் அதே படிப்புக்கு வந்தவனின் சோதனையில் நஞ்சு தெரிந்தது. மறுவாரம் பெட்டியைக் கட்ட வைத்தார்கள். ஆலைக்காரர்களை நம்ப நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? பதினெட்டு மாதமும் எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரையே கொடுத்தேன். அலசித்தான் கொடுத்தேன்.

முனைவர் பட்டம் வந்தது. வேலையும் வந்தது. கிணற்றுத் தண்ணீரில் நஞ்சில்லை என்று அவள் எழுதியதைக் கிணற்றடிக் குடியிருப்புக்காரர்கள் மட்டும் நம்பவில்லை.

"காகிதத்துல தேன்னு எழுதி நக்கினா இனிக்குமா? நீ குடிச்சுக் காட்டும்மா," என்றாள் ஒருத்தி.

மகள் ஒரு சொம்பு குடித்தாள். "தைரியமா குடிங்கக்கா. எங்கப்பா கையால பிடிச்சு, நான் பார்த்த தண்ணி." அன்றிலிருந்து தினமும் அதையே குடித்தாள். அவர்களும் குடித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறந்தால் பட்டத்தைப் பிடுங்கிவிடுவார்களே.

இரண்டாம் வருஷம் அவளுக்கு உள்ளங்கை தடித்தது, கால் மரத்தது. மருத்துவருக்குப் பிடிபடவில்லை. "அவங்க குடிக்கிற தண்ணி கொஞ்சம் கொண்டு வாங்க பெரியவரே. நஞ்சுன்னு தெரிஞ்சா முறிக்க மருந்து இருக்கு," என்றார்.

கட்டிலில் கிடந்தபடியே மகள் சொன்னாள்: "மூணு தடவை அலசணும்பா. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. வீட்டுக் குழாயில் அலசி, வீட்டுக் குழாயில் பிடித்து, அன்றைக்கே கொடுத்தேன். மூன்றாம் மாதம் போய்விட்டாள். குடியிருப்பில் இன்னும் நாலு பேர் படுத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வந்த நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம்.

ஐயா, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அவள் அறைக் கதவில் 'முனைவர்' என்று போட்ட பெயர்ப்பலகை இன்னும் இருக்கிறது. அதை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். என் பிள்ளைக்கு என்னால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது.