மார்லாவுக்கு இடம் கிடைக்குமா, டாக்டர்?

இல்ல டாக்டர், அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ, தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கமா. ஆ... அதேதான். அய்யோ, மெல்ல! கையா அது, இரும்பா? சரி சரி, மூச்சை இழுக்குறேன். விட்டாச்சு.

எத்தனை நாளாவா? ஒன்பது நாளு. போன வாரம் புதன்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப. மூட்டை தூக்கல, கீழ விழல, ஒண்ணும் பண்ணல. ஒரு கடிதம் வந்துச்சு, அவ்வளவுதான். அதுவும் எனக்கு இல்ல, என் மகளுக்கு. அவ போன்ல அதைப் படிச்சா, எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு.

சிரிங்க, சிரிங்க. என் வீட்டுக்காரி நொரீன் சிரிக்கக்கூட இல்ல. தலையணையை மாத்திப் போடுன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

உங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடுறேனே. எங்க ஊர்ப்பக்கமும் டாக்டர் இருக்காரு. ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு இங்க வந்தது கழுத்துக்காக மட்டும் இல்ல. நீங்க உங்க டாக்டர் காலேஜ்ல, படிக்க ஆளெடுக்கிற குழுவுல இருந்தவராமே? நொரீனோட சித்தி மக சொன்னா. ... விட்டு ரெண்டு வருஷம் ஆச்சா? நல்லதாப் போச்சு. அப்ப நான் கேக்குறதுல தப்பில்ல பாருங்க. இல்ல இல்ல, சிபாரிசுக்கு வரல, சத்தியமா. அவளுக்கு வாய்ப்பு இருக்கா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும். பொய் வேணாம். அப்பன் மனசு நோகுமேன்னு பாக்காதீங்க.

இப்படியே சொல்றேன், திரும்ப வேணாம். இந்த மேசை ஓட்டைக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க ஷூவைப் பாத்துப் பேசுறது எனக்குச் சுலபமா இருக்கு.

மார்லா பேரு. இருபத்தெட்டு முடிஞ்சிருச்சு. ஏழு வருஷமா எங்க மாவட்டத்து ஆம்புலன்ஸ்ல ஓடுறா. காலேஜ் மார்க்கு நாலுக்கு மூணு புள்ளி ஒண்ணு. மெடிக்கல் நுழைவுத் தேர்வு ரெண்டு தடவை எழுதினா. முதல்ல நானூத்தித் தொண்ணூத்தாறு, அப்புறம் நானூத்தித் தொண்ணூத்தெட்டு.

கை நின்னுருச்சே டாக்டர்.

பரவால்ல, எனக்கும் தெரியும். ஐநூறைத் தாண்டல. தாண்டியிருக்கணும்.

நான் தானியக் கிடங்குல எடை மேடையில இருக்கேன், முப்பத்தொரு வருஷமா. லாரி வந்து நிக்கும், குழாயை உள்ள விட்டு ஒரு கை சோளம் எடுப்போம், கருவியில போடுவோம். ஈரம் இத்தனைன்னு காட்டும். அந்த ஒரு கைக்கு என்னவோ அதுதான் லாரி முழுக்க. ஓட்டிக்கிட்டு வந்தவன் கத்துவான், அடியில நல்ல சோளம் இருக்குய்யான்னு. நான் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்துக்கிட்டு, நகரு, அடுத்த வண்டி வரட்டும்பேன். இப்ப என் மக லாரியில இருக்கா, நான் கீழ நின்னு கத்துறேன்.

அந்தக் கெமிஸ்ட்ரி ஒண்ணுதான் டாக்டர் அவளைக் கவுத்தது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. டி கிரேடு வாங்கிட்டா, ஃபெயிலுக்கு ஒரு படி மேல. ஏன் வாங்கினா? அந்த வருஷம்தான் நான் கிடங்கு ஏணியிலேருந்து விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா புள்ள காலேஜ்லேருந்து வண்டியை எடுத்துக்கிட்டு வந்துரும். என்னைக் குளிப்பாட்டி விட்டா டாக்டர். பெத்த அப்பனை. எந்தப் பாடத்தைப் படிப்பா? அப்ளிகேஷன்ல அதுக்குக் கட்டம் கிடையாது. எழுதலாம்தான், எழுதினாலும் நொண்டிச்சாக்குன்னு நினைப்பாங்களோன்னு அவ எழுதல.

அந்தச் சமயத்துலதான் உங்களை மாதிரி கையாலயும் வைத்தியம் பாக்குற படிப்பு படிச்ச ஒரு டாக்டர் வீட்டுக்கு வந்தாரு, ஹேஸ்லெட்னு, வயசானவரு. பெரிய ஆஸ்பத்திரியில என்னைப் படம் எடுத்தாங்க, ஊசி போட்டாங்க, ஒருத்தன்கூடத் தொடல. இவரு வந்து கட்டில் ஓரமா உக்காந்து, கால் மணி நேரம் இடுப்பைக் கையால தடவிப் பாத்தாரு. எங்க வலிக்குதுன்னு நான் சொல்றதுக்கு முன்னாடி அவர் விரல் அங்க இருந்துச்சு. மார்லா கதவுகிட்ட நின்னு பாத்தா. அன்னிக்கே சொல்லிட்டா, படிச்சா இவங்க படிப்புதான், வேற மெடிக்கல் காலேஜே வேணாம்னு.

என் மச்சான் ராய்ஸ் இருக்கானே, அவனுக்கு இளக்காரம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட உக்காந்தா ஆரம்பிச்சுருவான். ஏன்டி மார்லா, முதுகு நீவி விடுறதுக்கா எட்டு வருஷம் படிக்கப் போறேம்பான். அவங்களும் ஆபரேஷன் பண்றாங்க, பிரசவம் பாக்குறாங்கன்னு சொன்னா காதுல ஏறாது. ஆனா மார்லா சும்மா விடுவாளா? மாமா, இந்த வறுத்த பன்றிக்கறியை நீங்க திங்கிற வேகத்துக்கு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழும்போது தூக்க வர்றது நான்தான், பாத்துப் பேசுங்கன்னா. தட்டைத் தள்ளி வெச்சுட்டான்.

அப்படி இருந்த புள்ள டாக்டர்.

ரெண்டு வருஷம் முந்தி, நவம்பர்ல, கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டா. இந்தப் படிப்புக்கு முட்டி மோதுற புள்ளைங்க எல்லாம் கூடுற இடம் ஒண்ணு இருக்காம். மார்க்கு, வேலை, வயசு எல்லாம் போட்டு, என் வாய்ப்பு எவ்வளவுன்னு கேப்பாங்களாம். முன்பின் தெரியாதவன் எல்லாம் பதில் சொல்லுவான். சொன்னான். ஒருத்தன், ஆம்புலன்சே ஓட்டிக்கிட்டு இரும்மான்னான். இன்னொருத்தன் சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டிருந்தான். அன்னிக்கு வேலை முடிஞ்சு வந்தவ வாசல்ல வண்டியை நிறுத்திட்டு இறங்கவே இல்ல. எஞ்சினை அணைச்சுட்டு உள்ளயே உக்காந்திருந்தா, ஒரு மணி நேரம். நான் சமையலறை ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டு நின்னேன். போய்க் கதவைத் திறந்து என்ன சொல்றது? எடை மேடைக்காரன் எதைச் சொல்லி அவ நம்புவா?

மூணு நாள் கழிச்சு ஒருத்தர் எழுதினாரு. பழைய எலும்புன்னு பேரு வெச்சுக்கிட்டு. அங்க யாரும் சொந்தப் பேர்ல எழுத மாட்டாங்க. நான் உங்க படிப்பு படிச்ச டாக்டர், பன்னெண்டு வருஷம் ஆளெடுக்கிற குழுவுல உக்காந்தவன், உன்னை மாதிரி ஆளைத்தான் நாங்க தேடுறோம், விட்டுடாதேன்னு. சாப்பாட்டு மேசையில போனை வெச்சுக்கிட்டு எங்களுக்கு வாசிச்சுக் காட்டினா. ரெண்டு தடவை வாசிச்சா. அப்புறம் எழுந்து போய் இன்னொரு தட்டு உருளைக்கிழங்கு போட்டுக்கிட்டா. மூணு நாளா சரியாச் சாப்பிடாத புள்ள.

அதுக்கப்புறம் அவருக்குத் தனியா எழுத ஆரம்பிச்சா. அவரும் எழுதினாரு. அந்தக் கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படி, உங்க காலேஜ்கள்ல புது மார்க்கு வந்தா பழசைத் தூக்கிப் போட்டுருவாங்க, டி காணாமப் போயிரும்னாரு.

ஆமா டாக்டர். தெரியும். அந்த வழக்கத்தை எப்பவோ எடுத்துட்டாங்க. ரெண்டு மார்க்கையும் சேத்துத்தான் பாக்குறாங்க இப்ப. மத்தவங்களும் அங்க சொன்னாங்க, பெரியவரே, அது பழைய கதைன்னு. இவரு ஒத்துக்கல. உள்ள உக்காந்து பாத்தவன் நானா நீயான்னு எழுதிட்டாரு. மார்லா அவரைத்தான் நம்பினா. ராத்திரி ஷிப்டு முடிச்சுட்டுக் காலையில வகுப்புக்குப் போவா. ஏ வாங்கினா டாக்டர், ஏ! குளிர்சாதனப் பெட்டி மேல ஒட்டி வெச்சிருக்கு இன்னும்.

அதே சமயத்துல வேற ஒரு இடம் வந்துச்சு. டாக்டருக்கு அடுத்தபடியா நின்னு வைத்தியம் பாக்குற படிப்பு, ரெண்டு வருஷத்துக்கு மேல கொஞ்சம். கையில வந்த இடம். அவருகிட்டதான் கேட்டா, இதை எடுத்துக்கட்டுமான்னு. அவசரப்படாதேம்மா, நீ டாக்டராகப் போறவன்னு பதில் வந்துச்சு. வேணாம்னு எழுதிப் போட்டுட்டா.

பதினாறு காலேஜுக்குப் போட்டா. பதினஞ்சு கூப்பிடக்கூட இல்ல. ஒண்ணு கூப்பிட்டுப் பேசிச்சு, காத்திருக்கச் சொல்லிச்சு, அஞ்சு மாசம். போன புதன்கிழமை இல்லைன்னு சொல்லிருச்சு. அவ அழல. ஸ்பூனைக் கீழ வெச்சா, தட்டைக் கழுவினா, வேலைக்குப் போயிட்டா.

ஸ்... அங்கதான், அங்கதான். அழுத்துங்க.

என்ன? ... அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். மோசக்காரன்லாம் இல்ல அந்தாளு. அவனுக்கு இதுல என்ன லாபம்? ஒரு புள்ள இருட்டு வண்டிக்குள்ள தனியா உக்காந்திருக்கு, நாலு நல்ல வார்த்தை சொல்லணும்னு நினைச்சிருக்கான். ஒரு வார்த்தையோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தத் தெரியல. தெரியாத விஷயத்தை எங்கயோ படிச்சு, தேதி பாக்காம சொல்லிட்டான். தப்புன்னு நாலு பேர் சொன்னப்ப, அவ முன்னாடி தோத்துப்போக மனசு வரல. முட்டாளுன்னு சொல்லுங்க, ஒத்துக்குறேன். மோசக்காரன்னு சொல்லாதீங்க.

சரி, விடுங்க. கேக்க வந்ததைக் கேட்டுடுறேன். அந்த இன்னொரு படிப்புக்கு மறுபடியும் மனு போடலாமாம், திங்கக்கிழமை கடைசி. போடலாமா, இல்ல மூணாவது தடவையா தேர்வு எழுதி உங்க படிப்புக்கே நிக்கலாமான்னு அவளுக்குத் தெரியல. அந்தப் பெரியவருக்கு எழுதியிருக்கா. அவர் எது சொல்றாரோ அதைச் செய்வா. அவ்வளவு நம்பிக்கை. இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆயிருச்சு.

அதோ, நாற்காலியில என் சட்டை இருக்கே, அந்தப் பையில போன். எடுத்துக் குடுக்குறீங்களா? அவ எழுதினதை நீங்களே படிச்சுட்டீங்கன்னா சொல்றது சுலபமா இருக்கும். ஒண்ணு ரெண்டு மூணு நாலு, அதுதான் பூட்டைத் திறக்குற எண்ணு. வேற எதுவும் எனக்கு ஞாபகம் இருக்காது.

என்ன பாக்குறீங்க? ... அவருக்கு எழுதினது என் போன்ல எப்படின்னா?

அவ எனக்குத்தான் எழுதியிருக்கா, டாக்டர்.

ஆமா. நான்தான். ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தேன்னு சொன்னேன்ல. நான் போய்ச் சொன்னா, அப்பா நீங்க அப்படித்தான் சொல்லுவீங்கம்பா. எப்பவும் அதைத்தான் சொல்லுவா. அதான் டாக்டர்னு போட்டேன். எடை மேடையில லாரி வராத நேரமெல்லாம் அந்தப் புள்ளைங்க எழுதினதைப் படிச்சுப் படிச்சு உங்க பேச்செல்லாம் கத்துக்கிட்டேன். அந்தக் கெமிஸ்ட்ரி சமாசாரம் யாரோ ஒன்பது வருஷம் முந்தி எழுதினது. தேதி சின்ன எழுத்துல இருந்துச்சு. நான் கண்ணாடி போடல.

நொரீனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் சொல்றேன்.

திறந்துருச்சா? கடைசி வரியைப் படிங்க. எங்கப்பாகிட்டக் கேட்டுப் பிரயோஜனமில்ல, அவர் என்னைக்கும் உன்னால முடியும்பாரு, எங்கிட்ட உண்மையைச் சொல்ற ஒரே ஆளு நீங்கதான்னு இருக்கா? இருக்குல்ல.

நான் என்ன எழுத? விடாதேன்னா திங்கக்கிழமை போயிரும். விட்டுடுன்னா அதுவும் நான் சொன்னதாத்தான் இருக்கும். நான்தாம்மா அதுன்னு சொன்னா, அப்புறம் அவ எந்த மூஞ்சியைப் பாத்து அப்பான்னு கூப்பிடுவா? நீங்க நிஜமா அந்தக் குழுவுல இருந்தவரு. வாய்ப்பு இருக்கா இல்லையா, நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க, நான் அப்படியே அடிக்கிறேன். ஒரு விரல்லதான் அடிப்பேன், மெதுவாச் சொல்லணும்.

ஏன் டாக்டர்? கையை எடுத்துட்டீங்களே. கொஞ்சம் வெச்சுக்கங்க, அப்படியே.

இன்னிக்குக் காலையில கிளம்பும்போது வந்து எங்கிட்டக் கேக்குறா, ஏம்ப்பா, அந்த டாக்டர் இன்னும் பதிலே போடலியே, அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு. வேலையா இருப்பாரும்மா, இன்னிக்குப் போட்டுருவாருன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.