பணியாரத்தோட ஊத்துற ஒயினு

இல்ல தம்பி, அந்தப் பாட்டில மொதல்ல வெயில்ல இருந்து எடுத்து இங்குட்டு நெழல்ல வைங்க. அப்புறம் பேசுவோம். கானாடுகாத்தான்ல இருந்து ஜீப்பு முன் சீட்டுல வச்சா கொண்டாந்தீக? இந்த அக்கினி நச்சத்திரத்துல? சரிதான். அது இப்ப ஒயினு இல்ல, புளித்தண்ணி.

ஃபாதர் அனுப்புனாராக்கும். பூசையில ஊத்துறதத் தவிர அவருக்கு என்ன தெரியும். அருளம்மா பிரான்ஸுல இருந்துச்சு, அதப் போயிக் கேளுன்னுட்டாரு. இருந்தேன். மொம்பெலியேன்னு ஒரு ஊரு, கடலுக்குப் பக்கம். நானும் எங்க வீட்டுக்காரரும் அங்க சாப்பாட்டுக் கடை வச்சிருந்தோம். அடுப்பு அவரு, ஒயினு நானு. இப்ப அவரு அங்குட்டு, நான் இங்குட்டு. அது ஒங்களுக்கு வேண்டாத கதை.

சனிக்கிழம ஒங்க ஓட்டலுக்கு வர்ற பிரெஞ்சுக்காரவுகளுக்கு இதையா ஊத்தப் போறீக? போர்தோ செவப்பு. மெளகுக் கோழிக்கு. யாரு சொன்னா? இங்கிலீஷ் பத்திரிகையில போட்டிருந்துச்சா? எழுதுனவன் ஏசி ரூம்புல உக்காந்து எழுதியிருப்பான். குளிர் காலத்துல கம்பளியப் போத்திக்கிட்டுக் குடிக்கிறது தம்பி இது. மெளகுக் காரமும் இந்தத் தொவர்ப்பும் சேந்தா பச்சப் பாக்கக் கடிச்ச மாதிரி நாக்கு இழுத்துக்கிரும். வெலையப் பாத்து வாங்குனீகளா, வாயில வச்சுப் பாத்து வாங்குனீகளா? ஒங்க மொதலாளி ஒயினே குடிக்க மாட்டாரா. நல்லது, அவருக்குக் கெட்ட பேரு ஒன்னு மிச்சம்.

சொல்றேன், கேட்டுக்கிருங்க. நண்டு, மீனு, எறாலுக்கு பிக்பூல். எங்க மொம்பெலியே பக்கத்து வெள்ளை ஒயினு. எலுமிச்சம்பழம் புழிஞ்ச மாதிரி வெடுக்குன்னு இருக்கும், வேர்வையோட வர்றவன் ரெண்டாவது கிளாசு கேப்பான். கோழிக்கு ப்ரொவான்ஸ் ரோஸ். கலரப் பாத்துட்டு சர்பத்துன்னு நெனச்சீகளா? மூஞ்சியே சொல்லுதே. அந்தூரு வெயில்ல ஆம்பளைகளே அதத்தான் குடிக்கிறாக. ஒங்க சமையக்காரரு மொளகாய அள்ளிப் போடுறவருன்னா அல்சாஸ் பக்கத்து வெள்ளை வாங்குங்க. ரோசாப்பூ வாசம் வரும், லேசா இனிக்கும், காரத்த அமத்தும். செவப்புதான் வேணும்னு அடம் புடிக்க ஒருத்தன் வருவான். அவனுக்கு போஜொலே. அதையும் குளுர வச்சு.

எங்க குளுர வைப்பீக? ப்ரிட்ஜுலயா? இட்லி மாவு, அயிரை மீனு, அதுக்கு நடுவுல ஒயினு. கரண்டு போனா எல்லாம் ஒரே வாசம். அரமன மாதிரி செட்டியாரு வீட்ட ஓட்டலாக்கி வச்சிருக்கீகளே, பின்கட்டுல கெணறு இல்ல? சாயங்காலமே வாளியில வச்சு எறக்கி விடுங்க. அதக்கூட நான் சொல்லணும்.

யாரு இருமுறதா? எங்க மாமியா. இருங்க, ஒரு வாயி சுடுதண்ணி குடுத்துட்டு வாரேன்.

ம். எங்க விட்டோம்? எலைக்கு வருவோம். மொத என்ன வைப்பீக? நம்ம வழக்கப்படி பால்பணியாரம். அங்கனதான் தப்பு பண்றீக. பிரெஞ்சுக்காரன் இனிப்பக் கடைசியில திம்பான், அதுக்குத் தக்கன ஒயினு அடுக்குவான். அந்த அடுக்க அப்புடியே தூக்கியாந்து நம்ம எலையில வச்சா, இனிப்பத் தின்ன வாயில போர்தோ போயி வேப்பங்கொழுந்தால்ல கசக்கும். எங்க கடையில நான் பணியாரத்த மொதல்ல வச்சு, கூடவே ஃப்ரொந்திஞான் மஸ்கட்டு ஒரு சின்னக் கிளாசு ஊத்துவேன். தேனு மாதிரி ஒயினு. வந்தவுக சிரிச்சாக. அப்புறம் அதுக்குன்னே வந்தாக. அந்த ஊருல வேற யாரும் அப்புடி ஊத்துனது இல்ல. அது கெடக்கட்டும், அது எங்க கடையோட போச்சு. நீங்க பணியாரத்துக்குத் தண்ணி வைங்க, போதும்.

நானா? நான் வரல தம்பி. சேலையக் கட்டிக்கிட்டு வந்து பிரெஞ்சுல சிரிச்சுச் சிரிச்சு ஊத்த ஒங்களுக்கு ஆளு வேணும், நான் அதுக்கு ஆளில்ல. எத்தன தடவ கேட்டாலும் இதேதான்.

அந்தப் பிரெஞ்சுக்காரவுகளக் கூட்டியாரவரு கோவிச்சுக்கிருவாரா? யாரு அவரு அம்புட்டுப் பெரிய ஆளு? முசியே தாஸா. தமிழாளா. எந்தூர்ல இருந்து கூட்டியாராரு?

மொம்பெலியே.

தை மாசம் வந்து ரூம்பு பாத்துட்டுப் போனாரா. தங்குனாரா? ரெண்டு நாளு. சரி. எடது கை சுண்டு வெரலு பாதிதான் இருக்குமா? ஒன்னுமில்ல, கத்தி பட்டது. சும்மா கேட்டேன். கூட வந்த வெள்ளைக்காரம்மாட்ட என்ன சொன்னாரு? எங்க தாத்தா இந்த மாதிரி வீட்டுலதான் இருந்தாருன்னா? இருந்தாரு. தண்ணி எறச்சுக்கிட்டு இருந்தாரு. சொல்லியிருக்க மாட்டாரே அத.

இல்ல, எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அந்த ஆளப் பத்தி நெனச்சா காறித் துப்பணும்போல இருக்கும், அம்புட்டுத்தான். அதுவும் பழகிப் போச்சு.

தம்பி, அந்தப் பணியாரத்துக்குத் தண்ணி வேணாம். ஃப்ரொந்திஞான் மஸ்கட்டே வாங்குங்க. பாண்டிச்சேரியில கெடைக்கும், இல்லாட்டி மெட்ராசுல சொல்லி வைங்க. சின்னக் கிளாசு, நல்லாக் குளுர வச்சு, பணியாரம் எலையில விழுந்த ஒடனே ஊத்தணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. மொத கிளாசு அவருக்கு.

ஒரு மடக்குக் குடிச்சதும் அந்தாளு கிளாசக் கீழ வச்சுட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிப் பாப்பாரு. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பாரு. அருளம்மான்னு சொல்லுங்க. மறைக்க வேணாம். காரைக்குடியில அவரு வீட்டுலயேதான் இருக்குதுன்னு சொல்லுங்க. என்னையப் பாக்க வர வேண்டியதில்ல, நான் மச்சுக்குப் போயிக்கிருவேன். அங்கயிருந்து இங்க ஒங்க ஜீப்புல அரை மணி நேரம். தையில வந்தப்பவும் அதே அரை மணி நேரந்தான்.

உள்ள இருமுறாகளே, அவரப் பெத்தவுக. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா தாஸு வந்துட்டானான்னு கேப்பாக. இப்ப நீங்க வந்தப்பவும் கேட்டாக. ஓட்டல்காரத் தம்பின்னு சொல்லிப் படுக்க வச்சிருக்கேன். ஆடிக்குத் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு.

சரி, கெளம்புங்க, கஞ்சி ஆறுது. ஜீப்ப இங்க வாசல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணாதீக. அந்த முக்கு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி எடுங்க.