மேப்பில் கோழிக்கடை காட்டும் வீடு

கோகுல்: ...அந்த பைராகிப்பட்டிடா ஏரியா வூட்டுக்கு இன்னா கொறைமே? காத்து இருக்குது, வெளிச்சம் இருக்குது, ரெண்டு பாத்ரூமு இருக்குது...

ஷோபா: ரெண்டு பாத்ரூமு. அதான் கொறை.

கோகுல்: இன்னாது?

ஷோபா: ஒண்ணே ஒண்ணு இருந்தா, வர்றவங்க வரிசைல நின்னு நின்னு சலிச்சுப் போயி, சாமி கும்புட்ட கையோட பஸ் ஏறிடுவாங்க. ரெண்டு இருந்தா... மூணு நாளு தங்குவாங்க.

கோகுல்: காலைல பாத்த கொர்லகுண்டா வூடு? அதுல ஒண்ணு தான?

ஷோபா: அது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். உங்க சித்தப்பா மூட்டையத் தலைல வச்சுக்கினு ஜம்முனு நடந்தே வந்துடுவாரு.

கோகுல்: எங்க சித்தப்பாவ ஏன் இழுக்கற? உங்க செங்கம்மா அத்தை மட்டும் இன்னா? குடிபாலால பஸ் ஏர்றப்ப ரெண்டு பேரு. சித்தூர்ல எட்டு. திருப்பதில எறங்கறப்ப பதினாலு! நடுவுல எங்கருந்து தான் சேத்துக்குவாங்களோ...

ஷோபா: அதான் சொல்றேன். திருப்பதில வூடு எடுத்தா அது வூடு இல்லீங்க, சத்திரம். கரண்ட் ஆபீஸ்காரன் என்னை வேற எந்த ஊருக்கு மாத்தியிருந்தாலும் நிம்மதியா இருந்திருப்பேன். பரணிக்கு இந்த வருசம் டென்த்து. அவளுக்கு ஒரு ரூமு, ரூமுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு தாப்பா. வேற எதுவும் வாணாம் எனக்கு.

கோகுல்: தாப்பா போட்டா உட்டுடுவாங்களா? அத்தை மொட்டை அடிச்சுக்கினு வந்து கதவத் தட்டும். ‘கண்ணு, தலைக்குக் கொஞ்சம் சந்தனம் கொழைச்சுக் குடு’ன்னு கேக்கும்.

ஷோபா: அதுக்குத் தான் இந்த வூடு. நல்லாப் பாருங்க. பாத்ரூமு ஒண்ணு. சந்துக்குள்ள ஆட்டோ திரும்பாது. ஸ்கூலு பின் தெருவுல. பரணியும் சின்னவனும் நடந்தே போய்டுவாங்க.

கோகுல்: அதெல்லாம் சரி... மேப்பு?

ஷோபா: போட்டுப் பாத்தேன். மெயின் ரோட்டுக் கோழிக்கடைல கொண்டு போய் உட்டுட்டு, வந்து சேந்துட்டீங்கன்னு சொல்லுது.

கோகுல்: அடி சக்கை! இதான்மே வூடு! புரோக்கரு எங்க? அட்வான்ஸ் குடுத்துடலாம்.

ஷோபா: சாவியக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிருக்காரு. வரட்டும், பறக்காதீங்க.

கோகுல்: உங்க பக்கம் யாருகிட்டயும் திருப்பதின்னு வாய் உடலியே?

ஷோபா: சத்தியமா இல்ல. எல்லாருக்கும் ஓங்கோல்னு தான் சொல்லி வச்சிருக்கேன். செங்கம்மா அத்தை அழுதுடுச்சு. ‘அவ்ளோ தூரமாடி... அங்க இன்னாடி இருக்குது’ன்னு.

கோகுல்: நீ இன்னா சொன்ன?

ஷோபா: பேரு போன ஓங்கோல் மாடு இருக்குதுன்னேன்.

கோகுல்: பாவம் அத்தை.

ஷோபா: பாவந்தான். ஆனா நாம மட்டும் ஒழுங்கா? எங்க சுலோச்சனா அக்கா இங்க லீலாமகால் பக்கம் இருந்தப்ப, எத்தினி வாட்டி போய் எறங்கினோம்?

கோகுல்: புரட்டாசி சனிக்கெழமை... வைகுண்ட ஏகாதசி... கல்யாண நாளு...

ஷோபா: சின்னவனுக்கு முடி எறக்க வந்தமே, மறந்துட்டீங்களா? அக்கா பையன் பன்னெண்டாவது இன்டர் பரீச்சைக்கு மாடிப்படில ஒக்காந்து படிச்சுக்கினு இருந்தான். நீங்க போயி, ‘தம்பி, கொஞ்சம் தள்ளிக்கோ, வேட்டி காயப் போடணும்’னு...

கோகுல்: ஈர வேட்டிமே! வேற எங்க போடறது?

ஷோபா: அதுக்கப்பறந்தான் அவங்க ஹைதராபாத் போய்ட்டாங்க. அட்ரஸு கூட குடுக்கல.

கோகுல்: வேட்டிக்காகவா ஊரையே உட்டுப் போவாங்க...

மாடிக் குரல்: எவரண்டீ கிந்த? எவரு?

ஷோபா: மேல் வூட்டம்மா எறங்கி வராங்க. கீழ யாருன்னு கேக்கறாங்க, தெலுங்குக்காரங்க போல. நல்லதாப் போச்சு, நம்ம ஆளுங்க வம்பு இருக்காது... வணக்கங்க! வூடு பாக்க வந்தோம்... ஏங்க, அந்தம்மா எதுக்கு முந்தானையால மூஞ்சிய மூடிக்கினு திரும்ப மேல ஓடுது?

கோகுல்: அம்மா, ஒரு நிமிசம்! தண்ணி ஒழுங்கா வருதான்னு கேக்கணும்...

மாடிக் குரல்: நாகு அரவம் ராதண்டீ!

கோகுல்: தமிழ் தெரியாதாம்.

ஷோபா: தமிழ் கெடக்கட்டும்... அந்த நடைய எங்கியோ பாத்திருக்கேனே...

மாடிக் குரல்: நேனு சுலோச்சனா காதண்டீ!

கோகுல்: சரிம்மா, சுலோச்சனா இல்ல... இரு இரு. உங்கள யாரு சுலோச்சனான்னு சொன்னது?

ஷோபா: அக்கா!

சுலோச்சனா: ...ஐயோ. கண்டுபுடிச்சுட்டியாடி.

ஷோபா: நீ ஹைதராபாத்ல இல்ல இருக்கற!

சுலோச்சனா: யாரு சொன்னது?

ஷோபா: நீ தான் சொன்ன!

சுலோச்சனா: சொன்னேன்... வேற இன்னா பண்றதுடி? பையனுக்கு அந்த வருசம் ரெண்டு பேப்பர் போச்சு. படிக்க எடமே இல்லாம பண்ணிட்டமேன்னு நானும் அவங்க நைனாவும் ஊரெல்லாம் சுத்தி இந்த சந்தப் புடிச்சோம். மேப்பு போட்டா...

கோகுல்: கோழிக்கடை.

சுலோச்சனா: ஆமாந்தம்பி! அதப் பாத்துதான் எடுத்தோம்... இரு, நீங்க எப்டி வந்தீங்க? தரிசனமா? எத்தினி பேரு? மிச்சவங்க கோழிக்கடைல நிக்கறாங்களா?

ஷோபா: யாரும் இல்லக்கா. நாங்க குடித்தனம் வரோம். எனக்கு இங்க டிரான்ஸ்பர்.

சுலோச்சனா: ஓங்கோல்னு அத்தை போன்ல அழுதுச்சே?

ஷோபா: ...சொன்னேன்.

சுலோச்சனா: அடிப்பாவி!

கோகுல்: அண்ணி, கணக்கு சரியாப் போச்சு. நீங்க ஹைதராபாத்து, நாங்க ஓங்கோலு. யாரும் யாரையும் பாக்கல.

சுலோச்சனா: வேட்டி?

கோகுல்: எங்க வூட்டுக்குள்ளயே காயப் போட்டுக்கறேன் அண்ணி. பையன்கிட்ட... மன்னிச்சுக்கச் சொன்னேன்னு சொல்லுங்க.

சுலோச்சனா: அவன் இப்ப பாஸாயி மெட்ராஸ்ல காலேஜு படிக்கறான். அவங்க நைனா ஆபீஸுக்குப் போனா ராத்திரி தான் வராரு. மூணு ரூமு, நான் ஒருத்தி. சத்தமே இல்லடி ஷோபா. சில நாளு நானே டம்ளரத் தள்ளி உட்டுக் கேட்டுக்குவேன்.

ஷோபா: அக்கா...

சுலோச்சனா: சரி சரி, கண்ணு கலங்காத. மேல வாங்க, எதுனா துன்னுட்டுப் போலாம். உப்மா கெளர்றேன்.

ஷோபா: அக்கா, உன் போன் அடிக்குது.

சுலோச்சனா: செங்கம்மா அத்தை! மூச்சு உடாதீங்க... ஹலோ அத்தை! நல்லா இருக்கேன். இங்க ஹைதராபாத்ல ஒரே மழை அத்தை... காலு வெளிய வைக்க முடியல...

கோகுல்: ஷோபா, ரோட்ல இன்னா மேளச் சத்தம்?

ஷோபா: பாதயாத்திரைக் கூட்டங்க! சந்து மொனைக்கு வந்துட்டாங்க! ஜன்னலச் சாத்துங்க!

கோகுல்: ஜன்னலுக்குக் கதவே இல்லமே!

சுலோச்சனா: ...இன்னா அத்தை? கோயிந்தாவா? அது டி.வி. அத்தை... நம்மூரு நாதஸ்வரக்காரர் சத்தம் மாரி இருக்குதா? அவரும் பாதயாத்திரைல வராரா?... அத்தை, நீ கோச்சிக்காத. நான் சொல்லிடறேன். நான் இப்ப திருப்பதில தான் இருக்கேன். இன்னிக்குத் தான் வந்தேன்... ஷோபா வூட்டுக்கு.

ஷோபா: அக்கா!

சுலோச்சனா: ஓங்கோலா? அட போ அத்தை! திருப்பதில வூடு எடுத்துட்டா. காத்து, வெளிச்சம், எல்லாம் இருக்குது... வெள்ளிக்கெழமையா? வா அத்தை, தாராளமா வா! இந்தா, அவகிட்டயே குடுக்கறேன். வழி அவ சொல்லுவா.

கோகுல்: கட் பண்ணிடு ஷோபா! கட் பண்ணு!

ஷோபா: ...ஹலோ அத்தை. ஆமா, திருப்பதி தான்... அழாத அத்தை. தப்பு தான். வாங்க... பதினாலு பேரும் வாங்க. மெயின் ரோட்டுக் கோழிக்கடைல வந்து நில்லுங்க, உங்க மாப்ள வந்து கூட்டிக்கினு வருவாரு. ஆனா எங்க வூட்ல தங்க முடியாது அத்தை. ஒரே பாத்ரூமு, பரணிக்கு வேற டென்த்து. மேல் வூட்ல மூணு ரூமு சும்மா கெடக்குது, அங்க தங்கிக்கலாம்... அந்தம்மா ஒண்ணும் சொல்லாது, சத்தத்துக்கு ஏங்கிப் போயிருக்குது... யாரா? உனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க தான் அத்தை. ரெண்டு வருசமா இந்த மாடிலயே ஹைதராபாத்ல இருக்கறாங்க.